மூச்சு பழகிவிட்டது, கால் பழகவில்லை: நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே ஒரு நிகழ்வு ஆய்வு

ஆண், வயது 46. உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ, இடுப்புச் சுற்றளவு 101 செ.மீ. சென்னைப் புறநகரில் வீடு, நாள் முழுக்க நாற்காலி வேலை. ரத்த அழுத்தம் 138/88. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை 6.1%, அதாவது நீரிழிவு இன்னும் உள்ளே வரவில்லை, வாசலில் நிற்கிறது. மாத்திரை எதுவும் இல்லை. இரண்டு வருடமாக வாரத்துக்கு ஆறு நாள், காலையில் 40 நிமிடம் பூங்காவில் நடக்கிறார். மழை நாள் தவிர விட்டதில்லை. ஆனாலும் எடை அசையவில்லை, இரண்டு மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது.

"நடையெல்லாம் சும்மா சார், ஓடுனாத்தான் குறையும்" என்று பூங்காவில் ஒருவர் சொல்ல, வாரம் ஐந்து நாள் 20 நிமிடம் ஓடத் தொடங்குகிறார். வேகம் மணிக்கு 8 கி.மீ. முதல் வாரம் நெஞ்சு வெடிக்கும் போல இருக்கிறது. மூன்றாவது வாரம் மூச்சு பழகிவிடுகிறது, உற்சாகத்தில் 30 நிமிடமாக்குகிறார். நான்காவது வாரம் முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்விளிம்பில் வலி. ஐந்தாவது வாரம் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார், நடையையும் சேர்த்து.

இவர் தனி ஒரு மனிதர் அல்ல. ஓட்டப் பயிற்சிக் களத்திலும் எலும்பு மருத்துவரின் வரிசையிலும் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகை. கணக்குப் போட்டுப் பார்க்க வசதியாக அந்த வகைக்கு இங்கே உயரமும் எடையும் வயதும் கொடுத்திருக்கிறோம். நடையா ஓட்டமா என்ற கேள்வியை எல்லோருக்கும் பொதுவாகக் கேட்டால் பதில் வழவழவென்று போய்விடும். ஒரு உடலை முன்னால் நிறுத்திக் கேட்டால் பிடிபடும்.

இரண்டு வருட நடை ஏன் பலிக்கவில்லை

முதலில் நாடித் துடிப்பு. காலையில் படுக்கையை விட்டு எழுமுன் எண்ணினால் இவருக்கு நிமிடத்துக்கு 78. உச்சத் துடிப்பை மதிப்பிட 208-லிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்க வேண்டும். 46 வயதுக்கு அது 176. இரண்டுக்கும் நடுவே உள்ள 98 துடிப்புதான் இவருடைய கையிருப்பு. உழைப்பின் கடுமையை இந்தக் கையிருப்பில் எத்தனை சதவீதம் செலவாகிறது என்பதை வைத்து அளக்கிறார்கள். 40 சதவீதத்திலிருந்து மிதமான பயிற்சி, 60-க்கு மேல் கடுமையான பயிற்சி. இவருக்கு மிதமானது 117-ல் தொடங்குகிறது, கடுமையானது 137-ல்.

பூங்காவில் இவர் நடக்கும்போது துடிப்பு 104. கையிருப்பில் 27 சதவீதம்தான். மிதமான பயிற்சியின் வாசலைக்கூட அது தொடவில்லை.

வேகத்தை வைத்துப் பார்த்தாலும் அதே விடைதான் வருகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றலை 1 மெட் என்பார்கள். அது ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன். சமதள நடைக்கான கணக்கு எளிது: நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் என்பதை 0.1-ஆல் பெருக்கி 3.5-ஐக் கூட்டினால் தேவைப்படும் ஆக்சிஜன் வரும். இவர் வேகம் மணிக்கு 4.5 கி.மீ., நிமிடத்துக்கு 75 மீட்டர். ஆக 11 மி.லி., சுமார் 3.1 மெட். டிரெட்மில் பரிசோதனையில் இவருடைய உச்சத் திறன் 8.5 மெட் என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கும் 1 மெட்டைக் கழித்துவிட்டால் 7.5-ல் 2.1, அதாவது 28 சதவீதம். நாடி சொன்னதும் கணக்கு சொன்னதும் ஏறக்குறைய ஒன்று. இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பரிசோதனையின்போது கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தால் அறிக்கையில் மெட் எண் உண்மையைவிடக் கூடுதலாக வரும். பலரும் பயத்தில் பிடித்துக்கொள்கிறார்கள், அந்த எண்ணை நம்பித் திட்டம் போடுகிறார்கள்.

எடை விஷயத்திலும் இதே கதைதான். ஓய்வில் செலவாகியிருக்கக்கூடியதைக் கழித்தால் இந்த 40 நிமிட நடை எரிப்பது சுமார் 117 கலோரி. முடித்துவிட்டு வாசலில் ஒரு பால் காபியும் மெதுவடையும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும். இரண்டு வருடமாக நேராகிக்கொண்டிருந்தது.

அந்த நடை வீண் என்று நாங்கள் சொல்லவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே இருப்பவரைவிட இவர் நல்ல நிலையில் இருக்கிறார். ஆனால் தொடங்கிய முதல் மாதத்திலேயே உடல் அந்த வேகத்துக்குப் பழகிவிட்டது. அதன்பின் 23 மாதம் அதே பாடத்தையே திரும்பப் படித்துக்கொண்டிருந்தது. பழுது வேகத்தில். நடையின் மேல் பழி போட்டது தவறு.

ஓட்டம் ஏன் நான்காவது வாரத்தில் கவிழ்ந்தது

ஓட்டத்துக்கான கணக்கில் 0.1-க்குப் பதிலாக 0.2. மணிக்கு 8 கி.மீ. என்றால் நிமிடத்துக்கு 133 மீட்டர். பெருக்கிக் கூட்டினால் 30.2 மி.லி., 8.6 மெட். இவர் உச்சத் திறன் 8.5. பார்ப்பவர் கண்ணுக்கு மெதுவான ஜாகிங். இவர் இதயத்துக்கோ அது முழு மூச்சு ஓட்டம். முதல் வாரம் நெஞ்சு வெடிக்கும் போல இருந்ததற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

மூன்றாவது வாரம் மூச்சு பழகியதுதான் இந்த நிகழ்வின் திருப்புமுனை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கடும் பயிற்சி தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் நீர்ப்பகுதி பெருகுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தம் போவதால் அதே வேகத்துக்குத் துடிப்பு குறைகிறது. தசையும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்பும் தசைநாணும் அப்படி இல்லை. புதிய சுமை விழுந்த இடத்தில் எலும்பு முதலில் தன்னைக் கொஞ்சம் கரைத்துக்கொள்ளும், பிறகுதான் புதிதாகக் கட்டும். ஒரு சுற்று முழுதாக முடிய மூன்று நான்கு மாதம் ஆகும். ஆக மூன்றாவது, நான்காவது வாரத்தில் மூச்சு "இன்னும் போகலாம்" என்று சொல்லும் அதே நாளில் முன்னெலும்பு பழையதைக் கரைத்துவிட்டுப் புதியதைக் கட்டாத நிலையில் நிற்கிறது. அந்த வாரத்தில் 20 நிமிடத்தை 30 ஆக்கினால் வலி வருவதில் வியப்பில்லை.

கால் மேல் விழும் சுமையையும் எண்ணிப் பார்க்கலாம். நடையில் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஒவ்வொரு அடியிலும் தரை திருப்பித் தரும் விசை உடல் எடையின் 1 முதல் 1.5 மடங்கு. ஓட்டத்தில் இரண்டு காலும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும், இறங்கும்போது 2 முதல் 3 மடங்கு. 82 கிலோ உடலுக்கு ஒவ்வொரு இறக்கமும் 200 கிலோவைத் தொடும். நிமிடத்துக்கு 160 அடி என்றால் 20 நிமிடத்தில் ஒரு காலுக்கு 1,600 இறக்கம். இவர் அதை வாரத்துக்கு ஐந்து நாள், இடையில் ஒழுங்கான ஓய்வு இல்லாமல், கான்கிரீட் கல் பாவிய பாதையில், இரண்டு வருடப் பழைய ஷூவில் செய்தார்.

ஓட்டம் முழங்காலைத் தேய்த்துவிடும் என்ற பயம் நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அதற்கு ஆதாரம் குறைவு. 2017-ல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில் பொழுதுபோக்காக ஓடுபவர்களில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானம் 3.5 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அது 10.2 சதவீதம். போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் 13.3. ஏற்கெனவே மூட்டு தேய்ந்தவர் ஓடலாம் என்று இதற்குப் பொருளில்லை. மூட்டு நன்றாக இருப்பவர் அளவோடு ஓடினால் தேய்ந்துபோகும் என்று அஞ்சத் தேவையில்லை, அவ்வளவுதான். புதிதாக ஓடுபவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் முன்னெலும்பும் குதிகாலும் பின்னங்கால் தசைநாணும் முழங்கால் சில்லைச் சுற்றிய வலியும்தான்.

அந்த வலி எது

இதைப் பிரித்தறியாமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. எலும்பின் உள்விளிம்பில் விரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வர வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவி வலித்தால், ஓடத் தொடங்கும்போது வலித்து உடல் சூடானதும் மட்டுப்பட்டால், அது எலும்பைப் போர்த்திய உறையும் தசைப் பிடிமானமும் சுமையால் எரிச்சலுற்ற நிலை. ஓட்டத்தை நிறுத்தி, வலிக்காத வேகத்தில் நடந்துகொண்டிருந்தால் சில வாரங்களில் அடங்கும்.

ஒரே புள்ளியில் விரல் வைத்தால் உயிர் போகிறது, ஓட ஓட வலி கூடுகிறது, ராத்திரி படுத்திருக்கும்போதும் வலிக்கிறது, ஒற்றைக்காலில் குதிக்க முடியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பில் நுண்விரிசல் என்றே எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். "எக்ஸ்ரே நார்மல்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டுத் திரும்ப ஓடி, விரிசலை முறிவாக்கிக்கொண்டவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் எம்.ஆர்.ஐ.தான் சொல்லும்.

நம் நிகழ்வில் வலி கையகல நீளத்துக்குப் பரவியிருந்தது, இரவில் இல்லை. எரிச்சல் வகை. ஆனால் இவர் செய்த இன்னொரு தவறு, நடையையும் சேர்த்து நிறுத்தியது. வலிக்காமல் நடக்க முடிகிறவரை நடை நிற்கக் கூடாது. முற்றிலும் படுத்துவிட்டால் மூச்சும் போகும், எலும்புக்கு வேண்டிய மிதமான தூண்டலும் போகும்.

ஆய்வுகள் எந்தப் பக்கம்

அமெரிக்காவில் 33,060 ஓட்டக்காரர்களையும் 15,045 நடையர்களையும் ஆறு ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வு 2013-ல் வெளியானது. செலவிட்ட ஆற்றல் ஒரே அளவு என்றால் உயர் ரத்த அழுத்தம், கொழுப்பு, நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் ஆபத்தை நடையும் ஓட்டமும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைத்தன. இதை எடுத்துக்கொண்டு "நடையும் ஓட்டமும் ஒன்றே" என்று சொல்லிவிடுகிறார்கள். 'செலவிட்ட ஆற்றல் ஒரே அளவு என்றால்' என்ற நிபந்தனைதான் அதன் உயிர். நம்மவர் 30 நிமிடம் 8 கி.மீ. வேகத்தில் ஓடினால் ஓய்வுச் செலவு போக 310 கலோரியை ஒட்டி எரியும். அவருடைய பழைய நடையில் அதை எட்ட 105 நிமிடத்துக்கு மேல் வேண்டும். வேலைக்குப் போகிறவருக்கு எந்தக் காலையில் அவ்வளவு நேரம் இருக்கிறது?

55,137 பேரைச் சராசரியாக 15 ஆண்டு கவனித்த 2014-ஆம் ஆண்டு ஆய்வில், ஓடுபவர்களுக்கு எந்தக் காரணத்தாலும் இறக்கும் ஆபத்து 30 சதவீதமும், இதய ரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து 45 சதவீதமும் குறைவாக இருந்தது. நாளுக்கு 5 முதல் 10 நிமிடம் மெதுவாக ஓடியவர்களுக்கும் பலன் தெரிந்தது. மனத்தை ஈர்க்கும் எண்கள். ஆனால் ஓட முடிகிறவர்கள் தொடக்கத்திலேயே ஓரளவு நலமாக இருப்பவர்கள் என்பதை மறந்து இதைப் படிக்கக் கூடாது.

படிப்படியாகக் கூட்டினால் காயம் வராது என்ற நம்பிக்கையையும் சோதித்திருக்கிறார்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் ஐநூறு பேரளவில் புதிய ஓட்டக்காரர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு 13 வாரத்தில் மெல்ல ஏறும் திட்டமும் மற்றதற்கு 8 வாரத் திட்டமும் கொடுத்தார்கள். 2008-ல் வந்த முடிவு: இரு பக்கமும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். ஓடும் முன் நான்கு வாரம் நடையும் குதிப்பும் கொடுத்துப் பார்த்த 2012 சோதனையிலும் வித்தியாசம் இல்லை. அட்டவணையை நம்பிக் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது என்று இவற்றிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். கீழே வரும் திட்டத்திலும் வாரக் கணக்கைவிட 'எப்போது நிறுத்துவது' என்ற வரிக்குத்தான் மதிப்பு அதிகம்.

நடந்துகொண்டே 137-ஐத் தொடுவது

இந்த நிகழ்வின் விடை இங்கே இருக்கிறது, பலரும் பார்க்காமல் தாண்டிப்போகும் இடமும் இதுதான். இவர் இதயத்துக்கு வேண்டியது 117-க்கு மேல், முடிந்தால் 137. கால் இன்னும் 200 கிலோ இறக்கத்துக்குத் தயாராக இல்லை. நடையின் சுமையில் ஓட்டத்தின் துடிப்பை எட்ட மூன்று வழி உண்டு.

ஒன்று, வேகம். மணிக்கு 6 கி.மீ. என்றால் 3.9 மெட், இவர் கையிருப்பில் 38 சதவீதம். மிதமானதை அநேகமாகத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் போகப் போக நடையின் செலவு செங்குத்தாக ஏறும். 7.2 கி.மீ. வேகத்தில் நடப்பது சுமார் 7 மெட். உடல் தானாகவே ஓட்டத்துக்கு மாற விரும்புவதும் அந்த வேகத்தை ஒட்டித்தான். அந்த இடத்தில் வேகமாக நடப்பது உண்மையிலேயே கடினமான உழைப்பு. காலடியை நீட்டி வைத்து வேகம் கூட்டினால் குதிகாலும் தொடை இடுக்கும் வலிக்கும். காலடியைச் சிறிதாக்கி, முழங்கையை மடக்கிக் கையை வேகமாக வீசினால் கால் தானாகக் கையோடு போகும்.

இரண்டு, ஏற்றம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 5 சதவீதச் சாய்வில் ஏறினால் சமதளத்தின் 3.4 மெட் 5.5 ஆகிவிடும். இவருக்கு 60 சதவீதம், துடிப்பு 137. ஒரு அடிகூட ஓடாமல் கடுமையான பயிற்சியின் எல்லை. சென்னை சமதள ஊர். அடுக்குமாடி உடற்பயிற்சிக் கூடத்து டிரெட்மில்லில் சாய்வை 5-ல் வைப்பது எளிய வழி. அங்கேயும் கைப்பிடியைப் பிடித்தால் பலன் பாதி போய்விடும். பிடிக்காமல் முடியவில்லை என்றால் சாய்வைக் குறைக்க வேண்டும். டிரெட்மில் இல்லாதவருக்கு மாடிப்படி: ஏறும்போது நடந்து ஏறி, இறங்கும்போது லிஃப்டில் வந்தால் முழங்காலுக்கு நிம்மதி.

மூன்று, மணல். உலர்ந்த மணலில் நடக்கக் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் வேண்டும். மெரினாவிலோ பெசன்ட் நகரிலோ பத்து நிமிடம் உலர் மணலில் நடந்தால் யாருக்கும் இது புரியும். ஆனால் கெண்டைக்காலும் பின்னங்கால் தசைநாணும் கூடுதலாக இழுபடும், கணுக்கால் பிசகலாம். வாரம் ஒரு நாள், 10 நிமிடத்தில் தொடங்க வேண்டும். அலை ஓரத்து ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் கடல் பக்கம் சரிந்திருக்கும். ஒரே திசையில் நீண்ட தூரம் போனால் ஒரு பக்க இடுப்பு வலிக்கும்.

பதினாறு வாரம்

தொடங்கும் முன் ஒரு வடிகட்டல். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத மயக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு: இவை இருந்தால் மருத்துவரைப் பார்த்த பிறகே வேகம் கூட்ட வேண்டும். ரத்த அழுத்தத்துக்குப் பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை எடுப்பவருக்கு நாடிக் கணக்கு பொருந்தாது, மாத்திரை துடிப்பை அழுத்திவைக்கும். அவர்கள் பேச்சை வைத்து அளக்கலாம். பாடலாம், பேசலாம் என்றால் லேசானது. பேசலாம், பாட முடியாது என்றால் மிதமானது. இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையானது.

முதல் நான்கு வாரம் ஜப்பானின் ஷின்ஷு பல்கலைக்கழகத்தில் உருவான இடைவிட்ட நடை. மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் சாதாரணம், ஐந்து சுற்று, மொத்தம் 30 நிமிடம், வாரம் நான்கு நாள். வேக நிமிடங்களின் முடிவில் துடிப்பு 130-ஐத் தாண்ட வேண்டும். முன்னும் பின்னும் ஐந்து நிமிடம் மெல்ல நடக்க வேண்டும். திடீரென்று நின்றால் காலில் ரத்தம் தங்கித் தலை சுற்றும். 2007-ல் வெளியான அவர்களுடைய சோதனையில், ஒரே வேகத்தில் நடந்தவர்களைவிட இப்படி நடந்தவர்களுக்கு மூச்சுத் திறனும் தொடை வலுவும் கூடின, ரத்த அழுத்தமும் கூடுதலாக இறங்கியது. அங்கே பங்கெடுத்தவர்கள் நடுவயதினரும் முதியவர்களும்தான். நாற்பது வயதைக் கடந்த, சர்க்கரையின் வாசலில் நிற்கிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எங்களுக்குத் தெரியவில்லை.

இதே வாரங்களில் கெண்டைக்காலை வலுப்படுத்த வேண்டும். சுவரைத் தொட்டு நின்று இரண்டு காலாலும் குதிகாலைத் தூக்கி இறக்குவது, 15 தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். மூன்றாவது வாரத்திலிருந்து ஒற்றைக்கால். தூக்க ஒரு நொடி, இறக்க மூன்று நொடி. ஓட்டத்தில் எலும்புக்குப் போகும் அதிர்ச்சியை முதலில் வாங்குவது இந்தத் தசைதான். அது சோர்ந்தால் மிச்சம் எலும்புக்குப் போகும்.

ஐந்தாவது முதல் எட்டாவது வாரம் வரை நான்கு நாளில் இரண்டை ஏற்ற நடையாக மாற்ற வேண்டும்: 5 கி.மீ. வேகம், 5 சதவீதம், 20 நிமிடத்தில் தொடங்கி 30 வரை.

எட்டாவது வாரக் கடைசியில் மூன்று சோதனை. 45 நிமிடம் வேகமாக நடந்தும் மறுநாள் காலை முன்னெலும்பில் வலி இல்லை. ஒற்றைக்காலில் குதிகால் தூக்கல் ஒவ்வொரு பக்கமும் 20. ஒற்றைக்காலில் 10 குதி, வலியில்லாமல். மூன்றும் தேறினால் ஓட்டம். ஒன்று தேறவில்லை என்றாலும் இன்னும் நான்கு வாரம் ஏற்ற நடைதான்.

ஒன்பதாவது வாரம்: 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, எட்டு சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று. ஓட்ட வேகம் மணிக்கு 7 கி.மீ. போதும். அதுவே 7.7 மெட். தொடர்ந்து இரண்டு நாள் ஓடக் கூடாது, நடுநாளில் நடை. பதினோராவது வாரம் 2 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை, ஆறு சுற்று. பதின்மூன்றில் 3-க்கு 2, ஐந்து சுற்று. பதினைந்தில் 5-க்கு 2, நான்கு சுற்று. எந்த வாரமும் நேரத்தையும் வேகத்தையும் ஒன்றாகக் கூட்டக் கூடாது.

ஓடும்போது அடிகளின் எண்ணிக்கையை நிமிடத்துக்கு 5 முதல் 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் மேல் விழும் சுமை குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். 155 வைப்பவர் 165 வைக்கலாம். வேகம் அதேதான், ஒவ்வொரு காலடியின் நீளம் மட்டும் சிறிதாகும்.

நிறுத்தும் விதி: ஓடும்போது வலி பத்துக்கு மூன்றைத் தாண்டினால் அந்த நாள் நடையாக மாற வேண்டும். மறுநாள் காலை படுக்கையிலிருந்து இறங்கும் முதல் பத்து அடியில் வலி இருந்தால் அடுத்த ஓட்டம் ரத்து. அடுத்தடுத்து இரண்டு தடவை இப்படி நடந்தால் முந்தைய படிக்கு இறங்க வேண்டும். மூச்சு எப்படி இருந்தது என்பதை இந்த முடிவுக்குள் கொண்டுவரவே கூடாது.

இதற்கெல்லாம் வெளியே, சாப்பாட்டுக்குப் பின் 15 நிமிட நடை. மதியமும் இரவும். சர்க்கரை ஏறத் தொடங்கிய முதியவர்களை வைத்து 2013-ல் செய்த ஒரு சோதனையில், மூன்று வேளையும் சாப்பிட்டபின் 15 நிமிடம் நடப்பது நாள் முழுக்கச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் காலை 45 நிமிட நடைக்குச் சமமாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அதைவிட நன்றாகவே அடக்கியது. இந்த நடைக்கு வேகம் வேண்டாம். சோறு இறங்கியபின் தெருக்கோடிவரை போய்வரும் பழைய பழக்கம்தான்.

தரை, வெயில், ஷூ

தார்ச்சாலை நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். எப்போதும் ஒரே ஓரமாக ஓடினால் ஒரு கால் பள்ளத்திலும் மறு கால் மேட்டிலும் விழும். ஒரு பக்கம் மட்டும் வலிப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பூங்கா வட்டப்பாதையில் எல்லோரும் ஒரே திசையில் சுற்றுவார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும், நாலு பேர் முறைத்தாலும். பள்ளிக்கூட மண் மைதானம் கிடைத்தால் கான்கிரீட் கல்லைவிட நல்லது.

கடலோர ஊரில் அதிகாலை குளிர்ச்சி போலத் தெரியும், ஆனால் காற்றில் ஈரம் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். வியர்வை வழியும், ஆறாது, உடல் சூடும் இறங்காது. ஏப்ரல் முதல் ஜூன் வரை அதே வேகத்துக்குத் துடிப்பு 10, 15 கூடுதலாகக் காட்டும். அந்த மாதங்களில் வேகத்தை விட்டுவிட்டுத் துடிப்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடும் முன்னும் பின்னும் எடை பார்த்தால் நீர் இழப்பு தெரியும், ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர். ஒரு மணிக்குள் முடியும் பயிற்சிக்குத் தண்ணீரே போதும். ரத்த அழுத்தம் எல்லையில் இருப்பவர் உப்புப் போட்ட பானங்களை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. வியர்வை நின்றுபோய்ச் சில்லிட்டாலோ தலை குழம்பினாலோ பயிற்சியை அங்கேயே விட்டு நிழலுக்குப் போக வேண்டும், உடலை நனைக்க வேண்டும், கூட இருப்பவர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஷூவை மாலையில் வாங்க வேண்டும், பகல் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கும் ஷூ நுனிக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். 500 முதல் 800 கி.மீ. வரை தாங்கும். வாரம் 25 கி.மீ. போகிறவருக்கு அது ஐந்து முதல் ஏழு மாதம். மேலே புதிது போலவே இருக்கும், உள்ளே பஞ்சு செத்திருக்கும். நீண்டகாலச் சர்க்கரையால் பாதம் மரத்தவர் இந்தத் திட்டத்தின் ஓட்டப் பகுதிக்கு வரவே கூடாது, வெறுங்காலோடு மணலிலும் நடக்கக் கூடாது. கொப்புளம் வந்தது தெரியாமலே புண்ணாகும்.

பதினாறாவது வார முடிவில்

மறுபடி அளக்க வேண்டியவை: காலை நாடி, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, 6 கி.மீ. வேக நடையில் துடிப்பு. தொடக்கத்தில் அந்த வேகத்துக்கு 115 காட்டியிருக்கும். 105-க்குக் கீழே வந்திருந்தால் இதயம் தேறியிருக்கிறது. எடையை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. சாப்பாடு மாறாமல் எடை பெரிதாக இறங்காது, ஆனால் இடுப்புச் சுற்றளவு அதற்கு முன்பே இறங்கத் தொடங்கலாம்.

இதயம் தேறி, காலும் வலியில்லாமல் இருந்தால் வாரம் மூன்று நாள் 25 முதல் 30 நிமிடம் ஓட்டம். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் கடும் பயிற்சி வாரம் குறைந்தது 75 நிமிடம், அது இதிலேயே நிறைவேறும். இதயம் தேறி, கால் மட்டும் முரண்டு பிடித்தால் ஏற்ற நடையும் இடைவிட்ட நடையுமாக வாரம் 150 நிமிடம். மிதமான பயிற்சிக்கு அந்நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவும் இதுவே, அதோடு இவர் துடிப்பு பாதி நேரம் கடும் எல்லையில் இருக்கும். இரண்டாவது வழியில் போகிறவர் ஓடாததற்காகக் குறைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை, அவருடைய இதயத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. துடிப்பு குறையவே இல்லை என்றால் ரத்தசோகை, தைராய்டு, தூக்கத்தில் மூச்சடைப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் போக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழையில் இரண்டு மூன்று வாரம் விட்டுப்போகும், வைரஸ் காய்ச்சலும் அந்த மாதங்களில்தான் வரும். காய்ச்சலோடு ஓடவே கூடாது. கிருமி இதயத் தசையைத் தாக்கியிருக்க வாய்ப்புண்டு. காய்ச்சல் விட்டு ஒரு வாரம் சாதாரண நடை, பிறகு விட்ட இடத்துக்கு ஒரு படி கீழே இருந்து ஓட்டம். சிக்குன்குனியா வந்தவர் மூட்டு வீக்கம் முழுதாக வடியும்வரை ஏற்ற நடையையும் தள்ளிவைத்துச் சமதளத்திலேயே நடக்க வேண்டும்.